சுமை தாங்கும் மிதிவண்டியும் மலைநாட்டுக் கூட்டுறவும்

விளைந்த பொருளுக்கு விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று கேட்டால், சந்தையில் என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். மலைநாட்டைப் பொறுத்தவரை அவ்விடை பாதியளவே உண்மையாகும். தோட்டத்திற்கும் தார்ச்சாலைக்கும் இடையேயுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர்ப் பாதையிலேயே விலையில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. தலைச்சுமையாகக் கூடையைக் கொணர்ந்து சாலையோரத்தில் இறக்கிய ஒருவர், அங்கே நிற்கும் வியாபாரி கேட்ட விலைக்குப் பெரும்பாலும் கொடுத்துவிட்டே திரும்புகிறார். விலை நியாயமானது என்று அவர் கருதுவதனால் அன்று. இறக்கிய சுமையை மீண்டும் தூக்கிக்கொண்டு மேடேற அவருக்குத் தெம்பும் இல்லை, பொழுதும் இல்லை. வியாபாரியும் இதனை நன்கு அறிவார். ‘இந்த விலைக்குக் கட்டாது’ என்று சொல்லித் திரும்பும் உரிமை, சுமையைத் திருப்பிக்கொண்டு போக வகையுள்ளவருக்கே உண்டு.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள் மிக எளியது. சுமை ஏற்றுவதற்கென்றே அமைந்த மிதிவண்டிகளைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்து, மலையில் விளையும் உணவுப் பொருள்களை அடிவாரத்து அங்கத்தினர் குடும்பங்களுக்குத் தரகரின்றிக் கொண்டு சேர்க்க இயலுமா என்பதே அது. இயலும் என்பது நமது கருத்து. ஆயினும் எந்த எல்லை வரையில் இயலும், எவ்விடத்தில் இயலாது என்பதனையும் கணக்கிட்டுப் பார்ப்பது நமது கடமையாகும்.

வெள்ளக்கடையின் நிலை

சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகளுள் வெள்ளக்கடையும் ஒன்று. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அன்று முதல் இம்மலையின் வாழ்வு காப்பியைச் சுற்றியே அமைந்து வந்துள்ளது. பெரிய எஸ்டேட்டுகளுக்குத் தம் சொந்தப் பாதைகளும் ஜீப்புகளும் லாரிகளும் உண்டு. மலையாளி இனத்தைச் சேர்ந்த சிறு விவசாயிகளின் நிலை வேறு. காப்பியும் மிளகும் கொஞ்சம், சாமையும் கேழ்வரகும் கொஞ்சம், பலா, கொய்யா, ஆரஞ்சு மரங்கள் சில என்று அவர்களுடைய விளைவு பல வகையாகவும், ஒவ்வொரு வகையும் சிறு அளவாகவும் இருக்கிறது. ஒரு லாரியை அழைக்கும் அளவுக்குச் சரக்கு இராது. தலையில் சுமந்தே தீர்த்துவிடும் அளவுக்குக் குறைவாகவும் இராது. நடுத்தரமான ஒரு பலாப்பழமே பத்துக் கிலோவுக்குக் குறையாது. இரண்டு பழங்களை ஏற்றிக்கொண்டால் ஓர் ஆளின் தலைச்சுமை நிறைந்துவிடும்.

இத்தகைய மக்களுக்கெனவே 1970களில் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. கடன் வழங்குதல், இடுபொருள் விநியோகம், வன விளைபொருள் கொள்முதல், நியாய விலைக் கடை ஆகிய பலவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்வது அவற்றின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேற வேண்டுமாயின், சங்கத்தின் வாயிலுக்கும் அங்கத்தினரின் வாயிலுக்கும் இடையேயுள்ள பாதையும் சங்கத்தின் கவலையாக வேண்டும். கிடங்கு கட்டுகிறோம், தராசு வாங்குகிறோம், ஏடுகளை ஒழுங்காக எழுதுகிறோம். கிடங்கு வரையில் சரக்கை எவர் தலையில் சுமந்து வருகிறார் என்று மட்டும் கேட்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அச்சுமை பெண்களின் தலையிலேயே அமைந்திருக்கிறது.

நம் நாட்டு முன்னோடிகள்

மிதிவண்டி ஒரு சமூகத்தின் பொருளாதாரத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்கு வெளிநாடு சென்று சான்று தேட வேண்டுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், அப்போது கலெக்டராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் ஓர் அங்கமாகச் சேர்த்தார்கள். கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் கற்றனர். விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் தொழிலாளர், அங்கன்வாடி ஊழியர், செவிலியர் எனப் பல தரத்தினரும் அவர்களுள் இருந்தனர். அம்மாவட்டத்திற்குச் சென்று எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள், இவ்வாறு கற்றவர்களின் தொகை ஒரு லட்சத்துக்கும் மேலாகும் என்று மதிப்பிட்டார்.

அவர் குறித்த செய்திகளுள் நமது அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. காய்கறி முதலிய விளைபொருள்களைச் சுற்றுக் கிராமங்களில் விற்றுவந்த பெண்கள், பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தை மிச்சப்படுத்தி, அதிக ஊர்களுக்குச் சென்று, விற்பனைக்கும் ஓய்வுக்கும் கூடுதல் பொழுது பெற்றனர் என்பது முதற்செய்தி. பெண்களுக்கென அமைந்த சைக்கிள் கிடைத்தபோதும், நடுவில் குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினர் என்பது இரண்டாவது. அக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம். சவாரிக்கு அழகான வண்டியைவிடச் சுமைக்கு ஏற்ற வண்டியே குடும்பத்துக்கு வேண்டும் என்பதனை அப்பெண்கள் எவரும் கற்பிக்காமலே உணர்ந்திருந்தனர்.

இரண்டாம் முன்னோடி பம்பாய் நகரத்து டப்பாவாலாக்கள். 1890 முதல் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் இவர்களுடைய முறையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் அரிய உண்மை புலப்படும். வீட்டிலிருந்து ரெயில் நிலையம் வரை சைக்கிள் அல்லது கால்நடை; நெடுந்தூரத்துக்கு ரெயில் வண்டி; மறுமுனையில் மீண்டும் சைக்கிள் அல்லது தள்ளுவண்டி. நீண்ட நடுப்பகுதியை அவர்கள் மிதிவண்டியிடம் ஒப்படைக்கவில்லை. இருமுனைகளிலும் உள்ள சிறு தூரத்தையே ஒப்படைத்தனர். மலைக்கும் சேலத்துக்கும் இடையே நாம் பின்பற்ற வேண்டிய முறையும் இதுவேயாகும் என்பதைப் பின்னர் விளக்குவோம்.

இவையன்றி, பால் கேன்களைச் சைக்கிளின் இருபுறமும் தொங்கவிட்டுச் சங்கத்துக்குக் கொண்டுவரும் பால்காரர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சென்னையின் மீன்பாடி வண்டியையும் அறிவோம். மிதிவண்டியில் உணவு செல்வது நமக்குப் புதிதன்று. அதனைச் சங்கத்தின் ஏற்பாடாக ஆக்குவதே புதிது.

பிற நாடுகளின் அனுபவம்

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நமது சேர்வராயனைப் போலவே மலையும் காப்பியும் நிறைந்த நாடு. அங்கும் காப்பி பயிரிடுவோர் மிகச் சிறு நிலமுடையவர்கள். பறித்த பழத்தைச் சில மணி நேரத்துக்குள் தோலுரிக்கும் நிலையத்தில் சேர்க்காவிடில் அது புளிக்கத் தொடங்கித் தரம் கெடும். 2005ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக்குச் சென்ற டாம் ரிச்சி என்னும் அமெரிக்க மிதிவண்டிக் கலைஞர், பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி நீண்ட கேரியர் அமைத்த ஒரு சுமைவண்டியை உருவாக்கினார். காப்பி விவசாயிகளுக்கு அவ்வண்டி கடன் முறையில் வழங்கப்பட்டது. மூட்டை மூட்டையாகப் பழம் அன்றைக்கே நிலையத்தைச் சேர வழி பிறந்தது.

2004 டிசம்பரில் கடற்கோள் இலங்கையைத் தாக்கிய பின்னர், 2005இல் தோன்றிய உலக மிதிவண்டி நிவாரண அமைப்பு முதன்முதலாக அத்தீவிலேயே வண்டிகளை வழங்கியது. பின்னர் ஆப்பிரிக்க நாடுகளுக்கென அவ்வமைப்பு வடிவமைத்த ‘பஃபலோ’ என்னும் வண்டி, கேரியரில் 100 கிலோ வரை தாங்கும் வலிவுடையது. சாம்பியா நாட்டில் பால் கூட்டுறவைச் சேர்ந்த விவசாயிகள் அவ்வண்டியைப் பயன்படுத்தி வருகின்றனர்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் என்னும் சிற்றூரில், தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் ‘பெடல் பீப்பிள்’ என்னும் கூட்டுறவு 2002 முதல் மிதிவண்டி இழுவைகளைக் கொண்டு குப்பை அகற்றுகிறது. பண்ணைகளிலிருந்து வாராந்தரக் காய்கறிப் பங்கையும் வீடுகளுக்குக் கொண்டு தருகிறது. பனி பொழியும் குளிர் நாட்டில் நடைபெறும் காரியம் நம் சீதோஷ்ணத்தில் நடைபெறாது என்று கூறுவதற்கில்லை.

வியத்நாம் மக்கள் 1954இல் தியன் பியன் பூ போரின்போது செய்தது நமது மலைப்பாதைக்கு இன்னும் நெருக்கமான பாடம். ஏறத்தாழ 20,000 சைக்கிள்களில் அரிசியும் பிற பொருள்களும் மலைக்காடுகளினூடே சென்றன. எவரும் அவ்வண்டிகளின் மேல் ஏறி மிதிக்கவில்லை. கைப்பிடியில் ஒரு நீண்ட கழியைக் கட்டி, இருக்கைத் தண்டில் மற்றொரு கழியைச் செருகி, பக்கத்தில் நடந்தவாறே தள்ளிச் சென்றனர். ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றப்பட்டது. ஏற்றத்தில் சைக்கிள் என்பது ஒற்றைத் தடத்தில் ஓடும் தள்ளுவண்டி என்பதை உணர்ந்துகொண்டால், மலைநாட்டுக்கு அது உதவாது என்னும் வாதம் பெருமளவு வலுவிழக்கும்.

மலையின் கணக்கு

இனி, கணக்கைப் பார்ப்போம். ஆளின் எடை 60 கிலோ, வண்டி 25 கிலோ, சரக்கு 75 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 160 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் இந்த எடை ஏறத்தாழ 14 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். நாள்தோறும் உழைக்கும் ஓர் ஆள் நெடுநேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். இத்திறனைக்கொண்டு அந்த ஏற்றத்தை மிதித்து ஏறுவதாயின் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. அவ்வேகத்தில் வண்டி நிலைகொள்ளாமல் சாய்ந்துவிடும். ஆகவே, இறங்கித் தள்ளுவதே முறை. தள்ளும்போதும் தலைச்சுமையைவிட மூன்று மடங்கு சரக்கு ஒரே நடையில் போய்ச் சேருகிறது. கழுத்தும் முதுகும் தப்புகின்றன.

சிறு மின்மோட்டார் பொருத்திய வண்டியாயின் நிலைமை மாறுகிறது. 250 வாட் மோட்டாரின் துணையோடு அதே ஏற்றத்தை மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். 250 வாட்டுக்கு மேற்படாத திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும், மின்கலம் நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடையும் கொண்ட மின்வண்டிகளுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள் பதிவிலிருந்து விலக்களிக்கின்றன. 160 கிலோ எடையை நூறு மீட்டர் உயரம் தூக்க, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 60 வாட்மணி மின்சாரம் வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் 360 வாட்மணி மின்கலம், ஆளின் மிதியும் சேரும்போது, நாளொன்றுக்கு ஐந்நூறு அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்குப் போதுமானது. குக்கிராமத்திலிருந்து சாலைமுனைக்கும் சங்கக் கிடங்குக்கும் சென்று திரும்ப இது தாராளம்.

ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் இவ்வண்டிகளைச் சுமையோடு இறக்குவதை நாம் உறுதியாக மறுக்கிறோம். அப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். 160 கிலோ எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நான்கைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் இரண்டு சிறிய பிரேக் கட்டைகள் தாங்க வேண்டும். நடுவழியில் பிரேக் உருகிப் பிடிப்பு விட்டால் நேர்வது விபத்து ஒன்றேயாகும். ஆகவே, மலைப்பாதைக்கு வேன் அல்லது பஸ். அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிதிவண்டி. டப்பாவாலாக்கள் வகுத்த முறையே நமக்கும் பாதுகாப்பானது.

மொபெட் இருக்க மிதிவண்டி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மொபெட் உள்ள குடும்பம் அதனைப் பயன்படுத்துவதில் நமக்குத் தடையேதும் இல்லை. வண்டியின் விலையும் பெட்ரோலும் ஓட்டுநர் உரிமமும் எட்டாத குடும்பங்களைப் பற்றியே நாம் பேசுகிறோம். சங்கம் பிறந்தது அவர்களுக்காகவே அல்லவா?

நெசவாளரும் விவசாயியும்

இப்பத்திரிகையை வாசிப்போரில் சரிபாதியினர் தறியில் அமர்ந்திருப்பவர்கள். மலையில் வண்டி ஓடுவதனால் தமக்கென்ன என்று அவர்கள் எண்ண வேண்டுவதில்லை. கூலி நெசவாளர் குடும்பத்தில் காலமே பணம். தறியை விட்டு எழுந்து மார்க்கெட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் துணியின் நீளத்தில் குறைகிறது. நேரத்தை மிச்சப்படுத்த எண்ணித் தெருக்கோடிக் கடையில் கடனுக்கு வாங்கினால், விலையும் கூடுகிறது, வாடிய காயும் வந்து சேருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். சேலத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றில் 60 குடும்பங்கள் வாரம் ஒருமுறை மூன்று கிலோ வீதம் காய், பழம், சிறுதானியம் வாங்க முன்கூட்டியே பெயர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 180 கிலோ ஆகிறது. மலையில் அது இரண்டு சுமைவண்டிகளும் அவற்றுள் ஒன்றின் மறுநடையும் ஏற்றும் அளவு. மலைப்பாதையில் வேறு சரக்கோடு வரும் ஒரு வேனின் ஒரு மூலை. கீழே ஒரு மூன்று சக்கர மிதிவண்டிக்கு ஒரே நடை. விற்பது உறுதி என்று தெரிந்த பின்னரே விவசாயி பறிக்கிறார். ஆகவே வீணாவது குறைவு. சாலையோரத்தில் நின்று விலைக்குக் கெஞ்சுவதும் இல்லை.

நகரத்து மூன்று சக்கர வண்டிக்கும் இதனால் வேலை கிடைக்கிறது. காலையில் காய்கறி, பிற்பகலில் சங்கத்திலிருந்து தறி வீடுகளுக்கு நூலும் பாவும், மாலையில் நெய்த துணி சங்கத்துக்கு. வெறும் வண்டியாகத் திரும்பும் நடையே எந்தப் போக்குவரத்திலும் நட்டம். நெசவாளரும் விவசாயியும் ஒரே வண்டியைப் பகிர்ந்தால் அந்நட்டம் பெரிதும் குறையும். ஒன்று மட்டும் நினைவிலிருக்க வேண்டும். பலாப்பாலும் ஈரமும் பட்ட பெட்டியில் நூலை வைத்தால் கறை நீங்காது. உணவுக்கு ஒரு பெட்டி, நூலுக்கு மூடியுள்ள வேறு பெட்டி என்று பிரித்து வைப்பது கட்டாயம்.

உணவுப் பொருளை ஒன்றுகூடி வாங்குவது நமது இயக்கத்துக்கு அந்நியமானதன்று. சென்னையில் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அத்தேவையிலிருந்தே வளர்ந்தது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, விவசாயியையும் வீட்டாரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. 2013இல் கூட்டுறவுத் துறை சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளைத் திறந்தது. இவ்வரிசையில் எஞ்சி நிற்பது, சந்தை வரையிலும் கடை வரையிலும் வர இயலாத விளைவிப்பவருக்கும், அங்கே போக இயலாத உழைப்பாளிக்கும் இடையேயுள்ள கடைசித் தூரமேயாகும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மானியத்தில் வந்த கருவி கிடங்கின் மூலையில் துருவேறிக் கிடப்பதை நாம் தணிக்கையின்போது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டதுண்டு. வாங்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுக்கிறார்கள். முதல் பஞ்சருக்குப் பின் ஒருவரும் தொடுவதில்லை. அந்நிலை வாராதிருக்க வேண்டுமாயின், பின்வருவனவற்றை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நலம்.

முதலாவதாக, இரண்டு வண்டிகளோடு தொடங்குதல் போதும். ஒரு பருவம் நடத்திப் பார்த்துப் பின்னர்ப் பெருக்கலாம். ஐந்நூறு பேருக்குத் திட்டம் தீட்டி ஐந்து பேருக்கும் பயன்படாமற் போவதைவிட இது மேல்.

இரண்டாவதாக, வண்டி சங்கத்தின் சொத்தாகச் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். எவர் எடுத்தார், எப்போது எடுத்தார், எவ்வளவு எடை ஏற்றினார், எந்த நிலையில் திருப்பினார் என்பதற்கு ஒரு தனி ஏடு வேண்டும். நிர்வாகக் குழு உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் வண்டி நிரந்தரமாக நிற்குமாயின், அது பொதுச் சொத்தாக இருக்காது.

மூன்றாவதாக, இலவசம் வேண்டா. சிறு தொகையேனும் ஒவ்வொரு நடைக்கும் வசூலிக்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு நடை, ஆண்டுக்கு 250 நாள், நடைக்குப் பத்து ரூபாய் என்று கொண்டால் ஒரு வண்டிக்கு ஆண்டில் 5,000 ரூபாய் சேரும். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை ஆகியவற்றுக்கு அது பயன்படும். அத்தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, வேறு செலவுக்குத் திருப்பாதிருத்தல் அவசியம்.

நான்காவதாக, பழுது பார்க்க உள்ளூரிலேயே ஒருவர் பயிற்சி பெற வேண்டும். ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டிய வண்டி, உண்மையில் இல்லாத வண்டியே. ஆகவே, எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் உதிரிப் பாகங்களைக் கொண்ட வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பெண்களுக்கு ஏற்ற உயரமும், கால் தூக்கி ஏற எளிதான சட்டமும், நிறுத்தினால் சாயாத இரட்டைக்கால் ஸ்டாண்டும் வேண்டும். சுமப்பவர் அவர்களாக இருக்கையில், வண்டியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவர்கள் இல்லாமலிருப்பது முறையன்று. புதுக்கோட்டையில் செய்தது போலப் பயிற்சியும் சங்கமே ஏற்பாடு செய்யலாம். மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கிய சைக்கிளில் பழகிய இளைஞரும் யுவதிகளும் இன்று பல கிராமங்களில் உள்ளனர். அவர்களே ஆசிரியராகட்டும்.

ஆறாவதாக, எடைக்கும் இறக்கத்துக்கும் வரம்பு வகுத்து வண்டியின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். சாதாரண சைக்கிளின் கேரியரில் 50 கிலோவுக்கு மேல் வேண்டா. உறுதியான சுமைவண்டியில் 100 கிலோ. செங்குத்தான இறக்கத்தில் ஏறி உட்காராமல் பிடித்தபடி நடந்தே இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பிரேக்கை ஒவ்வொரு காலையும் சோதிக்க வேண்டும்.

இவற்றைச் செய்தால் மலைவாசியின் வறுமை உடனே நீங்கிவிடும் என்று நாம் கூறவில்லை. நிலத்தின் அளவையும் காப்பியின் உலக விலையையும் மிதிவண்டி மாற்றிவிடாது. சாலையோரத்துப் பேரத்தில் மட்டும் அது ஒரு மாறுதலை உண்டாக்கும். விலை படியாவிட்டால் கூடையைத் திருப்பிக் கிடங்குக்கு உருட்டிச் செல்லலாம் என்ற நிலை வந்துவிட்டால், கேட்பவரின் தொனியே மாறும். அந்த மாறுதலின் பணமதிப்பு கொள்முதல் ஏட்டில் ஒரு பருவத்துக்குள் தெரியவரும்.

ஐக்கிய நாடுகள் சபை 2012ஐப் போலவே 2025ஆம் ஆண்டையும் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த பின்னரும் நிற்கக்கூடிய சிறு காரியங்களுள் இது ஒன்று. வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், மலைச் சங்கத்தார் சுமைவண்டி இரண்டு வாங்கும் தீர்மானத்தையும், அடிவாரத்து நெசவாளர் சங்கத்தார் வாரந்தோறும் வாங்க விரும்பும் குடும்பங்களின் பட்டியலையும் சேர்த்துக்கொள்வார்களாக. பட்டியல் முதலில் தயாராகட்டும். எத்தனை வீடுகள், எத்தனை கிலோ என்று தெரிந்த பிறகே வண்டியை வாங்குவது சிக்கனத்துக்கும் ஒழுங்குக்கும் உகந்த வழியாகும்.